டேப்பு இழுக்குதுன்னு திருப்பிக் குடுத்த கேசட்

சின்னண்ணே.

ஒம் பேர நான் ஒரு தரம்கூட வாயால சொன்னதில்ல. தங்கச்சிக்கு எதுக்கு அண்ணன் பேரு. வாசல்ல நின்னு சின்னண்ணேன்னு கத்துனா லயத்து வீடுங்கள்ல எந்த மூலையில இருந்தாலும் வருவ. இப்பவும் அப்படித்தான் கூப்பிட வருது. நீ வர மாட்டன்னு தெரியும். வாய் கேக்க மாட்டேங்குது.

நான் ஆறாம் வகுப்போட நின்னவ. எஸ்டேட் ஆயா கொட்டாயில, ரப்பர் பால் வெட்டப் போறவங்க விட்டுட்டுப் போற புள்ளைங்களப் பாத்துக்குற வேல. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பேசுற மாதிரியே எழுதியிருக்கேன், படிக்கிறவங்க கோவிச்சுக்க வேணாம்.

எங்க அண்ணன் போன மழ மாசத்துல காலையில மோட்டார் சைக்கிள்ல ஃபேக்டரிக்குப் போனான். எஸ்டேட் ரோடு பெரிய ரோட்டுல சேர்ற எடத்துல லாரியில மாட்டிக்கிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. முப்பது வயசுகூட ஆகல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, வந்தவங்கல்லாம் பாத்திரம் கழுவி வெச்சிட்டுப் போனதுக்கப்புறம் அம்மா என்னக் கூப்பிட்டு ஒன்னு கேட்டாங்க.

"அவன் அடிச்ச கேசட் ஒன்னு வந்துச்சே. அதப் போடுடி. ஒரு தரம் முழுசாக் கேக்கணும்."

கேசட் வீட்டுல இல்ல. தேடிப் பாக்குறேன்மான்னு சொன்னேன். அம்மா அதுக்கப்புறம் வேற எதுவும் கேக்கல. சாப்பாடு கேக்கல, யாரு வந்தா யாரு வரலன்னு கேக்கல. இது ஒன்னுதான். அப்பாவும் நான் சின்னப் புள்ளையா இருக்கப்பவே போயிட்டாரு. வீட்டுல இருக்குறது நாங்க ரெண்டே பேரு. அம்மாவுக்கு இந்த ஒன்னையாவது செஞ்சு குடுத்துரணும்னு நெனச்சேன்.

அது என்ன கேசட்டுன்னு மொதல்ல சொல்லிர்றேன்.

அண்ணன் டிரம்ஸ் அடிக்கிறவன். மொதல்ல கோயில் திருவிழாவுல உறுமி அடிச்சிக்கிட்டு இருந்தான். அப்புறம் டவுன் பக்கம் ரஹாங்ல மோட்டார் பட்டறையில வேல செய்யிற ஒருத்தரோட சேந்தான். அவரு கித்தார் வாசிப்பாரு. நான் ரஹாங் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு பேரும் இன்னும் நாலு ஆள சேத்துக்கிட்டு கல்யாணத்துக்கு சினிமாப் பாட்டு வாசிச்சாங்க. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அத மாத்துனது ஒரு பாட்டு பிளேட்டு.

அதே டவுன் பக்கம் லோபாக்ல ஒரு சீன அங்கிள் இருந்தாரு. சீனங்க சாவு ஊர்வலத்துல பேண்டு போகும்ல, அதுல சாக்ஸபோன் ஊதுறவரு. பட்டறைக்கு மோட்டார் கொண்டாந்து பழக்கம். வீடு பூரா பாட்டு பிளேட்டு அடுக்கி வெச்சிருப்பாரு. அதுல ஒன்ன அண்ணனுக்கு ஒரு நாளைக்குன்னு சொல்லி எரவல் குடுத்தாரு. ஏதோ வெள்ளக்காரக் கோஷ்டி, அவங்க ஆரம்ப காலத்துல ஸ்டூடியோவுல போட்ட பிளேட்டு. பாதி ராக்கு, பாதி ஜாஸ். பாடவே மாட்டாங்க. ஒரே உருப்படி ஒரு பக்கம் பூரா ஓடும். நாலு நாலா எண்ண முடியாது, ஏழு எண்ணணும். அண்ணன் என் முதுகுலயே தட்டிக் காமிப்பான், "ஏழோட திரும்பணும் பாப்பா, எட்டுக்குப் போயிறாத"ன்னு.

அப்ப எங்க எஸ்டேட்டுக்கு வெளிக் கரண்டு வரல. சாயங்காலம், ரப்பர் பால் கொண்டாந்து கொட்டுற ஸ்தோர் பக்கத்துல இருக்குற இஞ்சின ஓட்டுவாங்க, தூங்கப் போறவரைக்கும் லயத்துல லைட்டு எரியும். அண்ணன் பிளேட்டு போடுற பெட்டிய யாருகிட்டயோ வாங்கியாந்து, பக்கத்துல பேட்டரியில ஓடுற எங்க கேசட் ரேடியோவ வெச்சு, அதுல உள்ள மைக்குலயே கேசட்டுல புடிச்சான். யாரும் பேசக்கூடாதுன்னு வாசல்ல நின்னு வெரல் காட்டுனான். அம்மா வீட்டுக்குப் பின்னால இருந்ததால பாக்கல. "ஏன்டி, கோழிய அடச்சியா இல்லியா"ன்னு அவங்க என்னக் கேட்டது அப்படியே பாட்டுக்குள்ள விழுந்துருச்சு.

அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்தோர்ல தண்ணி பம்பு போட்டாங்க. பம்பும் அதே இஞ்சின்லதான் ஓடும். பம்பு போட்டா லைட்டு மங்கும். பொறந்ததுல இருந்து பாக்குறதால நாங்க யாரும் நிமிந்துகூடப் பாக்க மாட்டோம். பிளேட்டும் அன்னைக்கு லைட்டோட சேந்து சோந்து போச்சு. வேகம் கொறஞ்சு, சத்தமும் கீழ எறங்கி, மேடு ஏறுன ஆளு மூச்சு வாங்க ஒக்காந்த மாதிரி. அப்புறம் பம்பு ஓட்டம் புடிச்சதும் லைட்டு தெளிஞ்சுது, பாட்டும் எந்திரிச்சு நடந்துச்சு.

மறுநாள் பிளேட்டத் திருப்பிக் குடுத்துட்டான். அப்புறம் மாசக்கணக்கா அந்தக் கேசட்டப் பேட்டரியில போட்டுப் போட்டுக் கேட்டு, ரஹாங் அண்ணனும் அவனும் அப்படியே வாசிக்கக் கத்துக்கிட்டாங்க. எறங்குற எடத்தையும் சேத்துத்தான். வெள்ளக்காரன் வேணும்னே அப்படி வாசிச்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டாங்க. இருக்குறதுலயே கஷ்டமான எடம் அதுதானாம். கை மெதுவாகணும், ஆனா ஏழு கலையக் கூடாது. ரெண்டு பேரும் ஒன்னா எறங்கணும், ஒன்னா ஏறணும். ரஹாங் அண்ணன் கம்பியத் தளத்தித் தளத்தி சத்தத்த எறக்குவாரு. அது சரியா அமையுற அன்னைக்கு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுக்குவாங்க.

லோபாக் அங்கிள் ஒரு ஞாயித்துக்கிழம எஸ்டேட் மண்டபத்துக்கு சாக்ஸபோனத் தூக்கிக்கிட்டு வந்தாரு, சேந்து வாசிச்சுப் பாக்கலாம்னு. நல்லாப் போய்க்கிட்டு இருக்கு. அந்த எடம் வந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் எறங்குறாங்க, அவரு நேராப் போறாரு. முட்டிக்கிச்சு. மறுபடி வாசிச்சாங்க, மறுபடி அதே எடத்துல முட்டிக்கிச்சு. பிளேட்டுல அப்படி எதுவுமே கெடையாதுன்னு அவரு மலாய்ல சொன்னாரு. இருக்குன்னு அண்ணன் சாதிச்சான். கடைசியில அவரோட பஸ் ஏறி லோபாக் போயி கேட்டுட்டு வந்தான்.

வந்தவன் சட்டகூட மாத்தல. என் பக்கத்துல ஒக்காந்தான்.

"அங்க ஒன்னுமே இல்ல பாப்பா. நேரா ஓடுது."

"அப்ப நம்ம கேசட்டுல?"

"நம்ம பம்பு."

அழுவான்னு நெனச்சேன். சிரிச்சான். சிரிச்சிட்டு சாப்பிடாமப் படுத்துட்டான்.

அடுத்த வாரம் அங்கிள் மறுபடி வந்து அந்தக் கேசட்டப் போடச் சொன்னாரு. கோழி வந்த எடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாரு. எறங்குற எடம் வந்ததும் சிரிப்ப நிப்பாட்டிட்டாரு. திருப்பிப் போடச் சொன்னாரு. அப்புறமும் ஒரு தரம். கடைசியில அவரு சொன்னத ரஹாங் அண்ணன் எனக்குத் தமிழ்ல சொன்னாரு. பிளேட்டுல உள்ளது அவங்களுது, இது ஒங்களுது, அத விட்டுட்டு இதப் புடிங்கன்னாராம்.

அன்னையில இருந்து அவங்க யாரையும் பாத்து வாசிக்கல. சினிமாப் பாட்டு வாசிச்ச மத்த நாலு பேரும் வெலகிக்க, இவங்க மூணு பேரும் சொந்தமா உண்டாக்குனாங்க. அதுல இருக்குறதுலயே பெரிய உருப்படியில ஒரு பம்பு எடம் வரும். அவங்களுக்குள்ள அத அப்படித்தான் சொல்லுவாங்க. "இன்னும் பம்பு வரல, பொறு"ன்னு.

எங்க லயத்துல ஒரு கல்யாணத்துல வாசிச்சாங்க. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தரு ரொம்ப நேரம் கைய கட்டிக்கிட்டு நின்னு பாத்துட்டு அண்ணங்கிட்ட வந்தாரு.

"தம்பி, பாடுற ஆளு இன்னும் வரலியா?"

"பாட்டு இல்ல மாமா. வாசிக்கிறது மட்டுந்தான்."

"அப்ப மைக்கு எதுக்கு நிக்குது?"

"சாக்ஸபோனுக்கு."

"அது மைக்கு இல்லாமலே போர்ட்டிக்சன் கடக்கர வரைக்கும் கேக்கும்லா," அப்படின்னுட்டு சோறு சாப்பிடப் போயிட்டாரு. அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடல. அண்ணன் கவலப்படல. கேசட் ஒன்னு வந்துட்டா ஜனங்க வீட்டுல பொறுமையா ஒக்காந்து கேப்பாங்கன்னு நம்புனான். வேற எதையும் அவன் அந்த அளவுக்கு நம்புனதில்ல.

கோலாலம்பூர்ல ஒரு கட மேல மாடியில ஸ்டூடியோ. பட்டறை மொதலாளி சொல்லி விட்டாரு. அம்மா சோறு கட்டிக் குடுத்து என்னையும் கூட அனுப்புனாங்க, அவன் சாப்பிடாமக் கெடப்பான்னு. சொவரு பூரா முட்ட அடுக்குற அட்ட ஒட்டியிருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் பாக்குறவரு. பெரிய உருப்படியில பம்பு எடம் வந்ததும் அவரு கையத் தூக்கிட்டு, எல்லாத்தையும் நிப்பாட்டி, மெஷினத் தொறந்து தொடச்சாரு. மறுபடி அதே எடத்துல நிப்பாட்டி மறுபடி தொடச்சாரு. மூணு பேரும் உள்ள சிரிப்ப அடக்க முடியாம கெடக்காங்க. அண்ணன் வெளிய வந்து அவருகிட்ட வெளக்கமாச் சொன்னான். அவரு தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "ஒங்க இஷ்டம், அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது"ன்னாரு.

அன்னைக்கு அண்ணன் முகத்தப் பாத்தேன். அடிக்கிறப்போ கண்ண மூடிக்குவான். எறங்குற எடத்துல மட்டும் தொறப்பான். தொறந்து ரஹாங் அண்ணனப் பாப்பான், அங்கிளப் பாப்பான், மூணு பேரும் ஒன்னா எறங்குவாங்க. அவ்ளோ சந்தோஷமா அவன் இருந்து நான் பாத்தது அன்னைக்கு மட்டுந்தான்.

கேசட் பொட்டி பொட்டியா வந்துச்சு. சாம்பல் கலரு ஓடு. அட்டையில மூணு பேரும் பம்பு கொட்டாய் முன்னால நிக்கிற படம். மொத மொதல்ல வீட்டுல போட்டான். அம்மா கத்திரிக்கா நறுக்கிக்கிட்டே கேட்டாங்க. ரெண்டாம் பக்கம் பெரிய உருப்படி. எறங்குற எடம் வந்துச்சு. அம்மா எந்திரிச்சாங்க, ரேடியோவ நிப்பாட்டுனாங்க, பின் மூடியக் கழட்டி பேட்டரிய எடுத்துக் கொண்டு போயி வாசல்ல வெயில்ல வெச்சாங்க. பேட்டரி வீக்கானா பாட்டு இப்படித்தான் இழுக்கும், வெயில்ல வெச்சா கொஞ்சம் உசுரு வரும். எங்க லயத்துல எல்லாரும் செய்யிறதுதான்.

அண்ணன் இன்னொரு நாளு போட்டான், அம்மா மறுபடி அதையேதான் செஞ்சாங்க. "பாட்டே அப்படித்தாம்மா"ன்னு நான் சொன்னேன். "எந்தப் பாட்டுடி இப்படி இழுக்கும்"னாங்க. அதத் தாண்டி அம்மா அந்தக் கேசட்டக் கேட்டதே இல்ல. அதனாலதான் இப்ப முழுசாக் கேக்கணும்னாங்க. அவங்க சொல்லல, எனக்கு வெளங்கிருச்சு.

கேசட்ட ராசாங்குற எடத்துல ஒரு கேசட் கடையில விக்க வெச்சாங்க. கடக்கார அங்கிள் நல்ல மனுஷன், முன்னாலயே அடுக்கி வெச்சாரு. ஆளுங்க வாங்குனாங்க. வாங்குனவங்க ஒருத்தர் ஒருத்தரா திருப்பிக் கொண்டாந்தாங்க. டேப்பு இழுக்குதுன்னு. அவரு வேற ஒன்ன மாத்திக் குடுத்தாரு. அதுவும் அதே எடத்துல இழுத்துச்சு. மொத்த சரக்கும் கெட்டுப் போச்சுன்னு அவரே நெனச்சுட்டாரு.

அண்ணன் லீவு நாள்ல கடையில போயி நின்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிப் பாத்தான். அது வேணும்னே வாசிச்சது, கொஞ்சம் பொறுத்தா மேல ஏறும்னு. ஒருத்தரு பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி தம்பி, அது அப்படித்தான் இழுக்கும். எனக்கு இழுக்காததா ஒன்னு குடு"ன்னாரு. கடையில இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சானாம். எங்கிட்ட சொன்னப்போ சிரிக்கல.

அந்தக் கடையில ஆளுங்க வேணும்ங்குற பாட்டச் சொன்னா கேசட்டுல பதிஞ்சு குடுப்பாங்க. சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, எது வேணும்னாலும். திரும்பி வந்த கேசட்டெல்லாம் சும்மாதானே கெடக்குன்னு கடக்காரரு கேட்டாரு, அதுமேல பதிஞ்சுக்கலாமான்னு. அண்ணன் சரின்னான். சரின்னதோட நிக்கல. வீட்டுல இருந்த பொட்டியையும் தூக்கிட்டுப் போயி குடுத்துட்டான். ஒன்னாவது வைய்யிண்ணேன்னு நான் கேட்டேன். "அதுல யாராச்சும் முருகன் பாட்டு கேக்கட்டும் பாப்பா. அதாவது புண்ணியம்"னான்.

அப்புறம் குச்சியத் தொடல. ஃபேக்டரிக்குப் போனான், வந்தான், படுத்தான். அஞ்சாறு வருஷம் அப்படியே. தொடையில தாளம் தட்டுறதக்கூட விட்டுட்டான். அந்த லாரிக்கு முன்னாடியே அவன் பாதி போயிட்டான்னு எனக்குத் தோணும். தோணக் கூடாதுன்னு நெனச்சாலும் தோணும்.

தேடிப் பாக்குறேன்னு அம்மாகிட்ட சொன்னேன்ல. ரஹாங் அண்ணன் சிங்கப்பூர் போயிட்டாரு, சாவுக்கு வந்தாரு. கேட்டேன். வீடு மாறுனப்போ எல்லாம் போச்சும்மான்னு அழுதாரு. லோபாக் அங்கிள் எறந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, புள்ளைங்க வீட்டக் காலி பண்ணிட்டாங்க. கோலாலம்பூர் ஸ்டூடியோ இருந்த மாடியில இப்ப தையல் கிளாஸ் நடக்குது. பெரிய டேப்பெல்லாம் அப்பவே வேற ஆளுங்க பாட்டுக்குத் திருப்பி எடுத்துக்குவாங்களாம், வழக்கமே அதுதானாம்.

பாக்கி ராசா கடதான். கடக்கார அங்கிள் என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு. கட பூராத் தேடுனாரு. ஒன்னுகூட இல்ல. பதிஞ்சு வாங்குனவங்க யாரு யாருன்னு யோசிச்சு யோசிச்சுச் சொன்னாரு. "சாம்பல் ஓடு எங்கயாவது இருக்கும்மா, போயிக் கேளு"ன்னாரு.

ஞாயித்துக்கிழமயெல்லாம் பஸ் ஏறி ராசாவுல வீடு வீடாப் போனேன். வெக்கமா இருக்கும். ஒங்ககிட்ட சாம்பல் கலரு கேசட் இருக்கான்னு கேட்டா பைத்தியமான்னு பாப்பாங்க. அண்ணன் செத்துட்டான்னு சொன்னதும் உள்ள கூப்பிட்டு கோப்பி குடுப்பாங்க. கோயில் பக்கத்து வீட்டுல ஒரு அக்கா எடுத்துக் குடுத்தாங்க. போட்டேன். சாமிப் பாட்டு. கேட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தோம். ரெண்டாம் பக்கத்துல கடைசிப் பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரம் ஒன்னும் இல்ல. அந்த அக்கா நிப்பாட்டப் போனாங்க. அப்ப வந்துச்சு. எங்க அண்ணன். ஏழு எண்ணி, திரும்பி, ஏழு எண்ணி.  நாலு நிமிஷம் இருக்குமோ என்னமோ, அதோட டேப்பு முடிஞ்சுது.

இன்னொரு வீட்டுல சினிமாப் பாட்டு. அது முடிஞ்சும் வந்தான். அதே எடம், அதே கடைசி. மூணாவது வீட்டுலயும் அதேதான். அப்புறந்தான் புரிஞ்சுது. கடையில எப்பவும் மொதல்ல இருந்துதான் பதிவாங்க. மேல போட்ட பாட்டு பத்தாத எடத்துலதான் அவன் மிஞ்சுவான். எத்தன கேசட் கெடச்சாலும் எல்லாத்துலயும் அந்தக் கடைசித் துண்டுதான் இருக்கும். பம்பு எடம் ரெண்டாம் பக்கத்து நடுவுல. அது எதுலயும் இருக்காது.

கடக்காரருகிட்ட போயிச் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சாரு. ரஹாங்ல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்கு மட்டும் கொஞ்சந்தான் பதிஞ்சு குடுத்தேன்னாரு. அவங்க வீட்டுக்காரரு ஏதோ விசேஷத்துல பேசுனது பழைய டேப்புல இருந்துச்சாம். அவரு எறந்ததும் அத மாத்திக் குடுக்கச் சொல்லிக் கொண்டாந்தாங்களாம். சின்னப் பேச்சு. ரெண்டாம் பக்கத்துல பதிஞ்சதா ஞாபகம். "அதுல மிச்சம் நெறைய இருக்கணும்மா"ன்னாரு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, அடுத்த வாரம் கெடச்சுரும்னு சொல்லிட்டேன். அம்மா தலைக்குக் குளிச்சாங்க. பல நாளைக்கப்புறம்.

ரஹாங்ல அந்த அம்மா வீடு சந்துக்குள்ள. எங்க அம்மா வயசுதான் இருக்கும். விஷயத்தச் சொன்னதும் அழுதாங்க, அவங்களுக்கும் அழ ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு போல. கேசட்ட சாமி படத்துக்குக் கீழ வெச்சிருந்தாங்க. சாம்பல் ஓடு. போட்டாங்க. ஒரு பெரியவரு பேசுறாரு. யாரையோ கேலி பண்றாரு, மாப்பிள்ளைக்கு மீச ஒட்ட வெச்ச மாதிரி இருக்குன்னு. பொண்டாட்டியக் கூப்பிட்டு, நீயும் பேசு, சும்மா நிக்காதங்குறாரு. அந்த அம்மா அதக் கேட்டுக்கிட்டே வாயப் பொத்திக்கிட்டாங்க. பேச்சு முடிஞ்சுது. நான் காத்திருந்தேன். டக்குன்னு ஒரு சத்தம். ரேடியோ தானா நின்னுருச்சு.

"இதுக்கப்புறம் ஒன்னும் இல்லியாம்மா?"

"கொட்டு சத்தம் ஏதோ வரும்மா. வந்து கொஞ்ச நேரத்துல டேப்பு இழுக்க ஆரம்பிச்சுரும். சிக்கிக்கிட்டா அவரு கொரலே போயிருமேன்னு எனக்கு பயம். அவரு பேச்சோட நிக்கிற மாதிரி மிச்சத்த வெட்டிரச் சொல்லி பையங்கிட்ட சொல்லிட்டேன்."

 வெட்டுன டேப்பு எங்கன்னு மட்டும் கேட்டேன். அவங்களுக்கு முகம் மாறிருச்சு. பின்னால கூட்டிட்டுப் போனாங்க. கீரப் பாத்தி. நாலு பக்கமும் குச்சி நட்டு, குருவி வராம இருக்க டேப்பக் கட்டியிருந்தாங்க. ஒரு மழ மாசம் பூரா நனஞ்சு காஞ்சு, முக்காவாசி அறுந்து எங்கயோ போயிருச்சு. ரெண்டு குச்சிக்கு நடுவுல ஒரு துண்டு மட்டும் காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. வெயில்ல மின்னுச்சு.

அந்த அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, "எனக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியாதும்மா"ன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் வரல. அவங்க எடத்துல நானா இருந்தா நானும் வெட்டியிருப்பேன். எங்க அண்ணன் கொரலக் காப்பாத்த யாரோட பாட்டையும் வெட்டியிருப்பேன்.

அந்தத் துண்ட முடிச்சு அவுத்து கையில சுத்திக்கிட்டு ராசா கடைக்குப் போனேன். கடக்காரரு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. வெரல்ல தேச்சாரு, கருப்புப் பொடி ஒட்டுச்சு, டேப்பு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. "இதுல ஒன்னும் இல்லம்மா"ன்னாரு. கோயில் பக்கத்து அக்காவோட கேசட்ட வாங்கி, அந்தக் கடைசித் துண்ட மட்டும் புதுக் கேசட்டுல மாத்திக் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசல்லயே நின்னாங்க. ரேடியோவ மேச மேல எடுத்து வெச்சு, பக்கத்துல நாற்காலி போட்டு வெச்சிருந்தாங்க. போட்டேன். அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டாங்க. அண்ணன் அடிச்சான், அங்கிள் ஊதுனாரு, முடிஞ்சுது. அம்மா ரேடியோ மேல வெச்ச கைய எடுக்கல. இன்னும் வரும்னு ஒக்காந்திருந்தாங்க. கேசட் சும்மா ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"அவ்ளோதாம்மா."

"ஆரம்பம்?"

"இல்லம்மா. வேற எங்கயும் இல்ல."

அம்மா ரேடியோவ நிப்பாட்டுனாங்க. அப்புறம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் கேசட்டப் போடச் சொல்லிக் கேக்கல. நானாப் போட்டா பின்னால போயி நிக்கிறாங்க.

எனக்கு ஆறுதல் சொல்றவங்க, அவன் அடிச்சது ஒன் மனசுல இருக்கும்லாங்குறாங்க. இல்ல. அதத்தான் சொல்ல வந்தேன். படுத்துக்கிட்டு அந்த எறங்குற எடத்த நெனச்சுப் பாக்குறேன். ஏழு எண்ணுறேன், திரும்புறேன், எங்க மெதுவாகணும்னு தெரியல. அவன் கண்ணத் தொறக்குறது தெரியுது, சத்தம் கேக்கல. டேப்புல பதிஞ்சதே இப்படிப் போயிருச்சு. என் மனசு டேப்பவிட மோசம். அவன் என்னக் கூப்பிடுற கொரலும் கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வருது, அது எனக்குத் தெரியுது, நிப்பாட்ட முடியல.

சாமி கும்புட ஒக்காந்தாலும் என்ன கேக்குறதுன்னு தெரியல. அம்மா வெளக்கு வெக்கிறத விட்டுட்டாங்க. அதனால ஒங்ககிட்ட கேக்குறேன். கோயிலோ, மாதா கோயிலோ, பள்ளிவாசலோ, நீங்க எங்க போறவங்களா இருந்தாலும் சரி. ஒங்களுக்கு வேண்டிக்க வாய் வந்தா எங்க சின்னண்ணனுக்கும் சேத்து வேண்டிக்குங்க. பேரு தெரியலன்னா பரவால்ல, டிரம்ஸ் அடிச்ச பையன்னு சொல்லுங்க. போன எடத்துலயாவது அவன் அடிக்கிறத யாராச்சும் கடைசி வரைக்கும் ஒக்காந்து கேக்கட்டும்னு எல்லாரும் வேண்டிக்குங்க.